முதல் பதினொருவரில் ஓர் இளம் நடுகள வீரனின் இடம்

தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருக்கும் எனக்குச் சென்ற சீசனில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை. அகாதமியிலிருந்து முதல் அணிக்கு வந்து சேர்ந்த 18 வயது நடுகள வீரன் ஒருவனைத் தொடக்கப் பதினொருவரில் நிலையாக நிறுத்துவதுதான் அது. அவனுக்குத் திறமை இருக்கிறதா என்ற சந்தேகம் எங்களில் எவருக்கும் எழவில்லை. எதிரணியின் நடுகளத்துக்கும் பின்வரிசைக்கும் இடைப்பட்ட குறுகலான இடத்தில், உடலைப் பாதி திருப்பிய நிலையில் பந்தை வாங்கி, முதல் தொடுதலிலேயே தன்மீது பாய்ந்து வருபவரைக் கடந்து, அடுத்த தொடுதலில் பந்தை முன்னே அனுப்பிவிடுவான். பயிற்சியில் இதைச் செய்பவர்கள் பலர் உண்டு. எல்லோருக்கும் மூச்சு வாங்கும் 80-ஆவது நிமிடத்தில் செய்பவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்டவனை எங்கே ஆட வைப்பது என்று தேடத் தொடங்கினோம். கேள்வியே அதுவல்ல என்று விளங்குவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

எங்கள் அணி அதற்கு முந்தைய இரண்டு சீசன்களாக 4-2-3-1 அமைப்பில் ஆடிவந்தது; அதாவது பின்வரிசையில் நால்வர், அவர்களுக்கு முன்னால் இருவர், பிறகு மூவர், முன்னணியில் ஒருவர். பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் இரு நடுகள வீரர்களும் 30 வயதை ஒட்டியவர்கள். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் எங்கே நிற்பார் என்பது இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அவர்களுக்கு முன்னால் பத்தாம் எண் இடத்தில் ஆடியவர், முன்னணியில் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குச் சற்றுப் பின்னால் இருந்து, அவருக்குத் துணையாகப் பெனால்டி பகுதிக்குள் ஓய்வின்றி ஓடுபவர். இந்த மூவரில் யாரை எடுத்தாலும் அணியின் ஒரு பழக்கம் குலையும் என்ற அச்சம் தலைமைப் பயிற்சியாளருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. பையனிடம் குறைகளும் இருந்தன. பந்தை இழந்த மறுகணம் ஒரு நொடி நின்றுவிடுவான். தன் முதுகுப் பக்கமாக ஓடும் எதிரணி வீரரைக் கவனிக்க மாட்டான். தோளோடு தோள் மோதும்போது தாக்குப்பிடிக்கும் உடலுறுதி இன்னும் வந்திருக்கவில்லை.

ஆகவே முதலில் அவனை இடது விங்கில், அதாவது மைதானத்தின் இடது ஓரத்தில், நிறுத்தினோம். நடுவில் பந்தை இழந்தால் எதிரணிக்கு நேராகக் கோலை நோக்கிப் பாதை திறந்துவிடும். ஓரக்கோட்டருகே இழந்தால் திரும்பி ஓடி ஒழுங்காக அமைவதற்குச் சில நொடிகள் கிடைக்கும். இந்தக் கணக்கு தவறானதல்ல, ஆனால் அது அவனுடைய குறைகளை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு. ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் கோடு, மறுபக்கத்தில்தான் ஆட்டம். நாலா பக்கமும் ஆட்கள் சூழும்போது எந்தப் பக்கம் திரும்பலாம் என்று கண்டு விலகுவதே அவனுடைய பலம் என்பதால், அந்தப் பலத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. எதிரணிப் பின்வரிசையின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரான ஃபுல்பேக்கை ஓட்டத்தால் முந்தும் வேகமும் அவனுக்கு இல்லை. பந்தைத் தேடி உள்ளே வந்துகொண்டே இருந்தான். அவன் விட்டு வந்த இடத்தில் எங்கள் இடது ஃபுல்பேக் இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க நேர்ந்தது. இப்படி நான்கு ஆட்டங்கள் போயின. நான்கிலும் ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவனை வெளியே எடுத்தோம். நான்காவது முறை அவன் பெஞ்சில் வந்து அமர்ந்து, நெடுநேரம் ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவனுக்குத் தவறான வேலையைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இதன்பின் தலைமைப் பயிற்சியாளர் நேரெதிரான யோசனை ஒன்றைச் சொன்னார். பின்வரிசைக்கு நேர் முன்னால், ஆறாம் எண் இடத்தில் அவனை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். அவர் மனத்தில் இருந்த முன்னுதாரணம் இத்தாலிய நடுகள வீரர் ஆந்திரேயா பிர்லோ. பத்தாம் எண் வீரராக வளர்ந்த பிர்லோ 2001-இல் பிரெசியா அணிக்கு வந்தபோது அந்த இடத்தில் ராபர்ட்டோ பாஜ்ஜியோ இருந்தார்; ஆகவே பயிற்சியாளர் கார்லோ மாஸோனே பிர்லோவைப் பின்னால் இறக்கி ஆட வைத்தார். பிறகு மிலான் அணியில் பயிற்சியாளர் கார்லோ அஞ்செலோட்டி அதையே அவருடைய நிலையான இடமாக்கினார். நான் யோசனையை மறுக்கவில்லை. ஆனால் மிலானில் பிர்லோவுக்குப் பக்கத்தில் பந்தைப் பறிப்பதில் வல்லவரான ஜென்னாரோ கட்டூஸோ ஓடிக்கொண்டிருந்தார் என்பதை நினைவூட்டினேன். பிர்லோவின் இடம் என்று நாம் சொல்வது அவர்கள் இருவரும் சேர்ந்து நிரப்பிய இடம். எங்களுக்குள் நடந்த பயிற்சி ஆட்டங்களில் இரண்டு முறை முயன்றோம். பந்து எங்களிடம் இருந்தவரை ஆட்டம் கண்ணுக்கு இதமாக இருந்தது. பந்து கைமாறியதும் நடுவே ஒரு பெரிய வாசல் திறந்தது. அந்த யோசனையைக் கைவிட்டோம். ஆனால் பிர்லோவைப் பற்றிப் பேசியது வீண்போகவில்லை.

வழி கிடைத்தது எங்கள் கேப்டனிடமிருந்து. ஆறாம் எண் இடத்தில் ஆடும் அவருக்கு அப்போது 31 வயது. விங்கில் ஆடிய அந்த நான்கு ஆட்டங்களின் பதிவுகளை அவரோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் இடத்தை விட்டுப் போவதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கோச், அவன் முன்னால் போகட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. எப்போது போவான் என்பது மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்" என்றார். நாங்கள் அதுவரை அவனைக் கட்டுப்படுத்துவதா, சுதந்திரமாக விடுவதா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். உண்மையில் தேவைப்பட்டது, அவன் விட்டுச் செல்லும் இடத்தை யார், எந்த நொடியில் மூடுவது என்ற தீர்மானம்தான். ஒரு வீரனின் இடம் என்பது தாளில் அவன் பெயர் எழுதப்படும் புள்ளி அல்ல. அவன் நகரும்போது சுற்றியுள்ள மூன்று நான்கு பேர் எப்படி நகர்கிறார்கள் என்பதும் அதற்குள் அடங்கும்.

இதை வைத்துக்கொண்டு 4-3-3 அமைப்புக்கு மாறி, நடுகள மூவரில் இடப்பக்க எட்டாம் எண் வீரனாக, அதாவது கேப்டனுக்குச் சற்று முன்னால் இடப்புறம் ஆடுபவனாக, அவனை நிறுத்தினோம். மாற்றங்களில் பெரும்பகுதி மற்றவர்கள்மீதுதான் விழுந்தது. இடது விங்கர் ஓரக்கோட்டை விட்டு உள்ளே வரக் கூடாது. அவர் விலகி நின்று எதிரணி ஃபுல்பேக்கை ஓரத்தில் பிடித்துவைத்தால்தான், ஃபுல்பேக்குக்கும் பின்வரிசையின் மையத்தில் நிற்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே பையன் நுழைவதற்கு ஒரு நீளமான பாதை கிடைக்கும். முன்பெல்லாம் கோடு வரை ஏறிச் சென்று, ஓரத்திலிருந்து கோலின் முன்னே பந்தை அனுப்பும் கிராஸ் கொடுத்துவந்த இடது ஃபுல்பேக், பையன் முன்னே சென்றதும் ஏறாமல் உட்பக்கமாக நகர்ந்து கேப்டனுக்கு இடப்புறத்தில் நிற்க வேண்டும். வலப்பக்க எட்டாம் எண் வீரர் அப்போது மேலே போகக் கூடாது. தன் ஆட்டத்தில் தனக்குப் பிடித்தமான ஒன்றை ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இடது ஃபுல்பேக்குக்கு அது எளிதாக இருக்கவில்லை; கிராஸ் கொடுத்துக் கோல்களை உருவாக்குவதில்தான் அவருடைய பெயரே இருந்தது. அவரை இணங்கவைக்க மூன்று வாரங்கள் ஆயின. 2023-இல் ரியல் மாட்ரிட் அணியில் இளம் ஜூட் பெல்லிங்காமுக்காக அஞ்செலோட்டி நடுகளத்தை வைர வடிவில் மாற்றியமைத்ததையும், அவர் முன்னே செல்லும்போதெல்லாம் பின்னால் ஓடி நிரப்பிய வால்வெர்தே போன்றவர்களின் உழைப்பையும் நான் அவருக்குக் காட்டினேன். அந்த லீக் சீசனில் பெல்லிங்காம் அடித்த 19 கோல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த ஓட்டங்களைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

பையனுக்கு நாங்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பந்து இடது ஃபுல்பேக்கின் காலிலோ இடது விங்கரின் காலிலோ இருக்கும்போது மட்டும் முன்னே ஓடலாம், வலப்பக்கத்தில் இருந்தால் கேப்டனிடமிருந்து 15 மீட்டருக்குள் நிற்க வேண்டும். எதிரணியைப் பொறுத்தவரை அவன் எப்போதும்போலக் கணிக்க முடியாதவனாகவே இருந்தான். ஆனால் கேப்டனுக்குத் தேவைப்பட்ட அறிவிப்பு, பந்து எங்கே இருக்கிறது என்பதிலேயே கிடைத்துவிட்டது.

பந்து வருவதற்கு முன் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் உழைப்பின் பெரும்பங்கு அதில்தான் சென்றது. பத்தாம் எண் வீரனாக வளர்ந்தவன் முன்பக்கத்தைத்தான் பார்த்துப் பழகியிருந்தான். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பந்து வரும் வழியிலேயே இரண்டு முறையாவது தோள் வழியே பார்க்க வேண்டும் என்று சொல்வது எளிது. நெருக்கடியில் கண் பந்தை விட்டு அகலாது. நானே அவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்தைத் தொடுவதற்கு முன் அவன் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். பிறகு நால்வர் வட்டமாக நின்று இருவருக்கு எட்டாமல் பந்தைக் கடத்தும் ரோண்டோ. அதன்பின் 30 மீட்டருக்கு 25 மீட்டர் பரப்பில் இரு அணிகளாகப் பிரிந்து ஆடும் சிறு ஆட்டம். ஒவ்வொரு நாளும் 12 நிமிடங்கள்தான், ஆனால் ஒரு நாளும் விடவில்லை. ஆறாவது வாரத்தில், தன் முதுகுப் பக்கமாக ஓடிய எதிரணி வீரரை அவன் தானாகவே பின்தொடர்ந்து சென்றான். வேறொரு குறையைத் தீர்க்கவும் அந்தப் பயிற்சியே உதவியது எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி.

காணொளிகளைக் காட்டிய விதத்தில் நான் ஒரு தவறு செய்தேன். தொடக்கத்தில் அவன் பந்தை இழந்த காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்து வரிசையாகக் காட்டினேன். விளைவு இரண்டே வாரங்களில் தெரிந்தது: கிடைத்த பந்தையெல்லாம் பின்னாலோ பக்கத்திலோ தள்ளிவிடத் தொடங்கினான். எதற்காக அவனை அணிக்குக் கொண்டுவந்தோமோ அதையே அவனிடமிருந்து நான் பறித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் முறையை மாற்றி, மைதானத்தை மூன்றாகப் பிரித்து அவனோடு பேசினேன். நம் கோலுக்கு அருகில் உள்ள பகுதியில் இரண்டு தொடுதலுக்கு மேல் வேண்டாம். நடுப்பகுதியில் பின்னால் இருவர் காவலுக்கு இருந்தால் துணியலாம். எதிரணியின் பகுதியில் பந்தை இழப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், ஆனால் இழந்த பின் ஐந்து நொடிகள் நீ என்ன செய்தாய் என்பதைக் கட்டாயம் பார்ப்பேன் என்றேன். ஒரு நொடி நின்றுவிடும் பழக்கம் அதன்பின்தான் மெல்ல விலகியது.

அவனுக்காக இடத்தை இழந்தவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேப்டனோடு இணையாக ஆடிவந்த அந்த மூத்த வீரர் எந்தத் தவறும் செய்யவில்லை. 2005-இல் ஆர்சனல் அணியிலிருந்து பாட்ரிக் வியேரா யுவென்டஸுக்குச் சென்றதும், இளம் செஸ்க் ஃபாப்ரிகாஸைச் சுற்றி நடுகளம் புதிதாக அமைந்தது. அங்கே மூத்தவர் விலகிய பின் இளையவர் வந்தார். எங்கள் அணியிலோ இருவரும் ஒரே அறையில் உடை மாற்ற வேண்டும். பட்டியலைப் பலகையில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடக் கூடாது என்பதில் தலைமைப் பயிற்சியாளர் உறுதியாக இருந்தார். முந்தைய நாளே தனியாக அழைத்துக் காரணத்தைச் சொன்னார். முன்னிலையில் இருக்கும் ஆட்டங்களின் கடைசி அரைமணி நேரமும், வலுவான அணிகளை அவர்கள் மைதானத்தில் சந்திக்கும் ஆட்டங்களும் அவருக்கு உண்டு என்றும் தெளிவாகச் சொன்னார். அந்த வாக்கை அவர் மீறவே இல்லை. 2020 முதல் ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்களை இறக்க விதி இடம் கொடுப்பதால், இருவருக்கும் நேரத்தைப் பங்கிட முடிந்தது. மூன்று மாற்றங்கள் மட்டும் இருந்த காலத்தில் இதை இவ்வளவு நியாயமாகச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். பையனை "தம்பி" என்று அழைத்து, தோள்மோதலில் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று பயிற்சி முடிந்த பின்னும் சொல்லிக்கொடுத்தவர் அந்த மூத்த வீரர்தான். அவர் மனம் எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

ஆட்ட நேரத்தை 20 நிமிடங்களில் தொடங்கி, 35, 60 என்று ஏற்றினோம். பத்து நாட்களில் மூன்று ஆட்டங்கள் வந்தால் இரண்டில் மட்டுமே தொடக்கத்தில் இறக்கினோம். இதில் எனக்கு ஸ்பெயினின் நடுகள வீரர் பெட்ரியின் உதாரணம் எப்போதும் கண்முன் நின்றது. 2020-21 சீசனில் பார்சிலோனா, யூரோ, ஒலிம்பிக் என 18 வயதில் 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடிய அவர், அடுத்த சீசனின் பெரும்பகுதியைத் தொடைத் தசைக் காயங்களால் இழந்தார். நன்றாக ஆடும் பையனை உட்காரவைத்தால் ரசிகர்களுக்கும் அவனுக்கும் கோபம் வரும். வரட்டும் என்று விட்டோம்.

சீசனின் இறுதிக் கட்டத்தில் ஓர் ஆட்டம். எதிரணி தன் நடுகள வீரர் ஒருவரை அவனுக்கென்றே ஒதுக்கியிருந்தது. அவன் எங்கே போனாலும் அவர் கூடவே வந்தார். முதல் 20 நிமிடங்களில் அவனுக்குப் பந்தே கிடைக்கவில்லை. நாங்கள் ஒன்றும் சொல்லாமலேயே அவன் இடது ஓரக்கோட்டை நோக்கி நகர்ந்து, அந்தக் காவலரையும் இழுத்துக்கொண்டு போனான். நடுவில் இடம் விழுந்தது. கேப்டன் அதைப் பார்த்து வலப்பக்க எட்டாம் எண் வீரரை முன்னே அனுப்ப, எங்கள் இரண்டு கோல்களும் அந்த வழியாகவே வந்தன. ஆட்டம் முடிந்ததும் அவன் கேப்டனிடம் ஓடிச் சென்று, "அண்ணா, நான் ஓரத்துக்குப் போனது உங்களுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டான். அவர், "நீ கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்தது" என்றார்.

சீசனின் தொடக்கத்தில், மற்றப் பத்துப் பெயர்களையும் எழுதிய பின்புதான் அவன் பெயரைப் பென்சிலால் எழுதிப் பார்ப்போம். இப்போது கேப்டனின் பெயருக்கு அடுத்து அவன் பெயரை எழுதிவிட்டு, அந்த வாரம் இடது ஃபுல்பேக்காக யார் ஆடுவது என்று பேசத் தொடங்குகிறோம்.