ஒப்பேற்றுவதும் மீட்டெடுப்பதும்

ரங்கூனில், தாம்வே பகுதியில் என் தாய்மாமன் வைத்திருந்த பட்டறையில்தான் நான் வேலை பழகினேன். அங்கே அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘ஒப்பேற்றிவிடு’ என்பது. 1962-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் வெளிநாட்டு வண்டிகளும் உதிரிபாகங்களும் இந்த நாட்டுக்குள் எளிதில் வரவில்லை. உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகள் விட்டுச்சென்ற ஷெவர்லே லாரிகளுக்கு மரத்தால் கூடு கட்டிப் பேருந்தாக ஓட்டியதும், வில்லிஸ் ஜீப்புகளை ஐம்பது அறுபது ஆண்டுகள் சாகவிடாமல் வைத்திருந்ததும் அந்த ஒரு சொல்லின் பலத்தில்தான். மாமா பித்தளைத் துண்டைக் கடைந்து, அச்சு தேயாமல் சுழல உள்ளே செருகும் வளையமான புஷ் செய்வார். பழைய டயர் ட்யூபை வெட்டி என்ஜின் மவுண்ட்டுக்கு ரப்பர் வைப்பார். ஒரு வண்டியின் கார்புரேட்டர் மற்றொன்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது பழைய வண்டிகளை மீட்டெடுக்கும் தொழிலில் இளைஞர்களைப் பழக்கும் எனக்கு, அந்தக் கைத்திறனே பாதித் துணையாகவும் பாதித் தடையாகவும் நிற்கிறது. ஓட வைப்பது வேறு, மீட்டெடுப்பது வேறு. ஓட வைப்பவன் கையில் அகப்பட்டதைக் கொண்டு இன்றைய நாளைக் கடத்துகிறான். மீட்டெடுப்பவனோ, அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு வண்டியைப் பிரித்துக் காட்டுவது எளிது.

பிரிப்பதற்கு வண்டி கிடைப்பதுதான் இங்கே சிக்கல். 2011 செப்டம்பரில் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை ஒப்படைத்தால் வெளிநாட்டு வண்டி ஒன்றை இறக்குமதி செய்ய அனுமதிச் சீட்டு தருவார்கள். பின்னர் அந்த வயது வரம்பும் படிப்படியாகக் குறைந்தது. ஒப்படைத்த வண்டிகள் உருக்கப்பட்டன. எங்கள் வீட்டு ஆஸ்டினும் அப்படித்தான் போனது; ஓட்டை வண்டிக்கு இவ்வளவு மதிப்பா என்று அன்று நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தப்பிப் பிழைத்த ஒரு வில்லிஸ் ஜீப்புதான் இன்று எங்கள் பாடப்புத்தகம். அதன் 6 வோல்ட் மின்னமைப்பை யாரோ 12 வோல்ட்டாக மாற்றியிருந்தார்கள். ஸ்டியரிங் வீல் ஏதோ லாரியுடையது. முதல் மூன்று வாரங்கள் பையன்களை எதையும் ‘சரிசெய்ய’ விடவில்லை. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து, அதன் போல்ட் நட்டுகளை ஒரு பையில் போட்டு, எண் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும், நோட்டில் குறிக்கவும் வேண்டும். “ஸயா, நட்டு எல்லாம் ஒன்றுதானே?” என்று மூத்தவன் சலித்துக்கொண்டான்; ஸயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். இரண்டு நட்டுகளின் மரையை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒன்று அமெரிக்க அங்குல மரை, மற்றது பிற்காலத்தில் திணித்த மில்லிமீட்டர் மரை. அதன் பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்தது தரைத்தகடு. இந்த ஜீப்பின் தரைக்கு அடியில் தகட்டை மடித்துச் செய்த தாங்கிகள் உண்டு. அவற்றின் உள்ளே மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்த மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ஊரின் ஐந்து மாத மழையில் தகடு உள்ளிருந்தே அரித்துப் போய்விடும், மேலே பெயின்ட் மட்டும் பளபளக்கும். பழைய வழக்கப்படி அதன்மேல் ஒரு தகட்டை ஒட்ட வைத்து, பட்டி பூசி, தேய்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும். இப்போது அரித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, 18 கேஜ் தகட்டில், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனத்தில், அதே வடிவை அடித்தெடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைக்கப் பழக்குகிறேன். மின்சாரம் வரும் நேரத்தை நம்ப முடியாததால் காஸ் வெல்டிங்தான். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மின்சாரத்தில் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கின் தையல் கெட்டியாக இருக்கும். காஸ் தையல் மிருதுவானது என்பதால், பின்னால் டாலி என்ற இரும்புத் தாங்குகட்டையைப் பிடித்துச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்திவிடலாம். சூட்டில் தகடு நெளியாமலிருக்க அங்கங்கே பொட்டு வைத்து, ஈரத்துணியால் ஒற்றியபடி மெல்ல நகர வேண்டும். இதற்குப் பொறுமை வர ஆறு மாதமாவது ஆகும்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் மெக்பெர்சன் கல்லூரி 1976 முதல் இத்தொழிலைக் கற்பித்து, இன்று நான்காண்டுப் பட்டமே தருகிறது. அதன் மாணவர்கள் மீட்டெடுத்த 1953-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ், 2023-இல் பெபிள் பீச் பழங்கார் போட்டியில் தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. அந்த வசதிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம் சொல்லும் ஒரு பழக்கத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறேன்: புதிதாகச் சேர்த்த பாகம் எது என்று பின்னால் வருபவர் அறியும்படி, கண்ணை உறுத்தாத ஓர் அடையாளம் இட வேண்டும். நாங்கள் புதுத்தகட்டின் மறைவான ஓரத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் மூன்று புள்ளி வைக்கிறோம்.

நட்டுக் கேள்வி கேட்ட மூத்தவன் இப்போது இங்கே இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பட்டறையில் டிங்கர் வேலை செய்கிறான் என்று கேள்வி. மீதியிருப்பவன் என் ஒன்றுவிட்ட அக்காள் மகன், பதினேழு வயது.

சென்ற வாரம் அவன் டாஷ்போர்டைச் சுரண்டும்போது, நான்கு அடுக்குப் பெயின்ட்டுக்குக் கீழே கையால் ரிவெட் அடித்த ஒரு பித்தளை ஒட்டு தெரிந்தது. அந்த ரிவெட்டுகளின் இடைவெளியைப் பார்த்ததுமே அது என் மாமாவின் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “இதைக் கழற்றவா, மாமா?” என்று அவன் கேட்டான். படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தான், எண் எழுதிய காலிப் பை ஒன்றையும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். மழை விடும்வரை தரைத்தகடு வேலை இருக்கிறது, டாஷ்போர்டை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.