எழுதியவரும் நானே, தயாரிப்பாளரும் நானே: ஒரு ஹால் புக்கிங் படலம்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழ் நாடகம் பார்த்தவர்கள் என்னை ஏதாவது ஒரு மாமனார் வேஷத்தில் பார்த்திருக்கலாம். நடிப்பு, அப்புறம் எழுத்து என்று போய்க்கொண்டிருந்தவன், இந்த முறை சொந்தக் காசைப் போட்டுத் தயாரிப்பாளரும் ஆனேன். ஆள் பிடிப்பது, ஒத்திகை, செட் எல்லாம் எப்படியோ நடந்துவிட்டன. உயிரை வாங்கியது பேப்பர் வேலைதான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடகங்களைக் கட்டுப்படுத்திய தமிழ்நாட்டின் 1954ஆம் வருட நாடகச் சட்டம் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்துவிட்டது, நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி போட்ட வழக்கு அது. வெள்ளைக்காரன் காலத்து 1876 நாடகச் சட்டத்தையும் 2018இல் ரத்து செய்தாயிற்று. அந்தத் தைரியத்தில் மும்பையில் வந்து இறங்காதீர்கள். இங்கே ஸ்கிரிப்டை அரசு வாரியத்திடம் முன்கூட்டியே கொடுத்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எனக்கு அது சிக்கலில்லாமல் கிடைத்தது.

சிக்கல் ஹால் ஆபீசில். எந்த ஹால் என்று சொல்லப்போவதில்லை, அங்கேதான் மறுபடியும் போடவேண்டும். கிளார்க் சான்றிதழைப் பார்த்தார், என் ஆதாரைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலை எச்சில் தொட்டு ஸ்கிரிப்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தமிழ் ஓரெழுத்து தெரியாத மனுஷன் என்னத்தைத் தேடுகிறார் என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சான்றிதழில் இருந்த என் புனைபெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, “எழுதினவர் சம்மதக் கடிதம் எங்கே?” என்றார்.

“நான்தாங்க எழுதினேன்.”

“நீங்க தயாரிப்பாளர்னு ஃபார்ம்ல போட்டிருக்கு. ஒருத்தர் ரெண்டு பேரா இருக்க முடியுமா?”

நடிகர் பட்டியலிலும் நான் இருப்பதை நல்லவேளை அவர் கவனிக்கவில்லை. மேனேஜரைப் பார்க்கலாம் என்றால் அவர் வரும் நாளில் கிளார்க் லீவு, கிளார்க் வரும் நாளில் மேனேஜர் மீட்டிங். அரை நாள் லீவு போட்டுப் போய் வெறும் டீ குடித்துவிட்டுத் திரும்பிய கதையும் உண்டு. கடைசியில் கோர்ட்டு வாசல் நோட்டரியிடம் போய், இந்தப் புனைபெயரும் ஆதார் பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எழுதி வாங்கினேன். இங்கே அதற்கு 100 ரூபாய் முத்திரைப் பத்திரம் என்ற பேச்சே 2024 அக்டோபரோடு போச்சு, இப்போது 500. அதோடு, எழுத்தாளனாகிய நான் தயாரிப்பாளராகிய எனக்கு “அன்புடையீர்” போட்டு ஒரு சம்மதக் கடிதம் எழுதி, கீழே இரண்டு பெயரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளார்க் படித்துப் பார்த்து, “இதைத்தானே முதல்லயே கேட்டேன்” என்று சீல் குத்தினார். கோபம் வந்தது, ஆனால் தேதி கிடைத்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டேன்.

புதிதாகத் தயாரிக்க வருகிறவர்கள் பழைய சினிமாப் பாட்டை ரெக்கார்டில் போடலாம் என்று ஆசைப்படாதீர்கள். பாட்டுக்கு ஒரு உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னொரு உரிமை, இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். நான் பாட்டு வரவேண்டிய காட்சிக்கு ஆர்மோனியம் தெரிந்த நண்பரைப் பிடித்துப் புது மெட்டே போடவைத்தேன், செலவு ஒரு சாப்பாடு. டிக்கெட்டை 500 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள், அதுவரைக்கும் நாடகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நன்கொடையாளர் வரிசை என்று 750 வைக்கச் சொன்ன நண்பர்களிடம் சண்டை போட்டு 500இலேயே நிறுத்தினேன், அந்த வரிசைதான் முதலில் விற்றது.

புக்கிங் ரசீதை வாங்கியதும் கிளார்க் குடும்பத்துக்கு நாலு பாஸ் கேட்டார். தயாரிப்பாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.