சி.ஜே.டி.க்கு மருந்து தேடியபோது

நாங்கள் கேரளத்துப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பெரியப்பாவுக்கு முதலில் நடை தடுமாறியது, அப்புறம் பேரன் பெயர் மறந்தது, கொஞ்ச நாளில் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே கை தூக்கிப்போட ஆரம்பித்தது. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஓரம் நெடுக வெள்ளை ரிப்பன் ஓட்டியது போலத் தெரிந்தது. சி.ஜே.டி., அதாவது க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்கிற மூளை நோய் என்றார் டாக்டர். எல்லோர் உடம்பிலும் இருக்கிற ப்ரியான் புரதம் தப்பாக மடிந்து, பக்கத்தில் இருப்பதையும் அப்படியே மடக்கிவிடுமாம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வருவது.

"மருந்து?"

"இல்லைங்க."

இல்லை என்றால் விடுகிற ஆட்களா நாங்கள், அண்ணனும் நானும் ராத்திரியெல்லாம் தேடினோம். முதலில் கண்ணில் பட்டது குயினாக்ரின், பழைய மலேரியா மருந்து. 2001-ல் ஆய்வகத்துச் செல்களில் ப்ரியானை நிறுத்தியது என்று படித்ததும் துள்ளினோம். பிரிட்டனில் நோயாளிகளுக்கே தினம் 300 மி.கி. கொடுத்துப் பார்த்த முடிவு 2009-ல் வந்திருக்கிறது: ஆயுள் கூடவில்லை.

அடுத்தது டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக். இதுதான் ரொம்பப் படுத்தியது, ஏனென்றால் எலிக்காய்ச்சல் வராமலிருக்க ஹெல்த் சென்டரில் கொடுத்த அட்டை வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. "அதையே குடுத்துப் பாத்தா என்ன கண்ணு" என்றார் பெரியம்மா. அட்டையோடு போய் டாக்டரிடமே கேட்டோம். இத்தாலியிலும் பிரான்சிலும் 121 பேரை வைத்துச் செய்த சோதனை, 2014-ல் வெளியானது, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்றார். ஐ.என்.டி.24 என்று இன்னொரு ஆய்வக மருந்து, எலி ப்ரியான் ஏற்றிய எலிகளை நிறைய நாள் வாழவைத்ததாம், மனித ப்ரியான் ஏற்றியபோது ஒன்றும் செய்யவில்லையாம். போதாததற்கு, நோய் இன்னதென்று தெரிவதற்குள்ளேயே மூளை பாதி போய்விடுகிறது.

இப்போது சோதனையில் இருக்கும் ஐ.ஓ.என்.717 என்ற மருந்து எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. மடிந்த புரதத்தோடு மல்லுக்கட்டாமல், அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ.வையே ஒழிக்கிறது, முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுகிறார்கள். இந்த வழிக்காக வருடக்கணக்கில் உழைத்தவர்களில் ஒருவர் சோனியா வல்லப். 2010-ல் அம்மாவைப் ப்ரியான் நோய்க்குப் பறிகொடுத்து, தனக்கும் அதே மரபணு மாற்றம் என்று தெரிந்ததும் சட்டத் தொழிலை விட்டுக் கணவர் எரிக் மினிகெலோடு ஆராய்ச்சிக்கே வந்துவிட்டவர். (நம்மால் ஒரு லேப் ரிப்போர்ட்டைப் படிக்கவே முடியவில்லை!) நாங்கள் பார்த்தபோது சோதனைக்கு ஆள் சேர்த்த மையங்களின் பட்டியலில் இந்தியா இல்லை, பெரியப்பாவும் அதற்குள் படுக்கையாகிவிட்டார்.

கை தூக்கிப்போடுவது மட்டும் க்ளோனாசெபாம் என்ற மருந்துக்குக் கொஞ்சம் அடங்கியது. மூக்குக் குழாயில் கஞ்சி விடக் கற்றுக்கொடுத்தது தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ்தான், தொட்டால் ஒட்டாது என்று பக்கத்து வீடுகளில் போய்ச் சொன்னதும் அவர்தான்.