போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவுகள்: டயர் பாலிஷோடு ஏறாதீர்கள்

மதுரையில் பைக்கை வாட்டர் சர்வீஸ் விட்டால் கேட்காமலே டயருக்கும் பாலிஷ் அடித்துத் தருகிறார்கள். பக்கவாட்டில் மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தரையைத் தொடுகிற பட்டன் வரை வழிகிறது. அதோடு போடிக்கு மேலே, கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு ஏறுவது எண்ணெய்ச் செருப்போடு படியேறுகிற மாதிரி. கிளம்புவதற்கு முன்பே சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். புது டயரும் வழுக்கும்தான். முதல் 100, 150 கிலோமீட்டரைச் சமவெளியில் நிதானமாக ஓட்டிவிட்டு மலைக்குப் போங்கள்.

காற்றை வீட்டுப் பக்கத்திலேயே, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் 28, இருவர் என்றால் பின்னால் 32 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் அளவு அதன் ஸ்டிக்கரிலேயே இருக்கும். "மலைக்குத்தானே, சேர்த்து அடிச்சுக்கங்க" என்று 40 ஏற்ற வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்று கூடினால் தரையைத் தொடுகிற ரப்பரின் பரப்பு சுருங்கும், சின்னக் கல்லுக்கும் டயர் குதிக்கும். போடி போய்ச் சேர்வதற்குள் சூட்டில் சில பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதைக் கண்டு அங்கே இறக்கிவிடாதீர்கள்.

ரிங் ரோட்டில் நேராகவே ஓடி ஓடிப் பின்சக்கர டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும். வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டையின் ஓரத்தில் ஏறி, வண்டி சட்டென்று கவிழ்வது போலிருக்கும். உட்காரும் முறையால் இதைச் சரிசெய்ய முடியாது. பயணக் கணக்கில் டயர் செலவைச் சேர்க்க யாருக்கும் மனசு வராது. ஆனாலும் ரூம் வாடகையைக் குறைத்து டயரை மாற்றுங்கள்.

உசிலம்பட்டி வரை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டிபட்டி கணவாயின் அகன்ற வளைவுகளில் உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில், வெளிப்பக்க முழங்கால் டேங்கை அணைத்தபடி, முழங்கை மடங்கித் தளர்வாக. இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் மெல்லத் தள்ளினால் போதும், வண்டி தானே சாயும். கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள்.

இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. உடம்பை உள்பக்கம் சாய்த்தால் பிடிமானம் கூடும் என்கிறார்கள். கூடாது! டயர் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை உங்கள் வேகமும் வளைவின் குறுகலும்தான் தீர்மானிக்கின்றன. உடம்பு உள்ளே வந்தால் வண்டியின் சாய்வு குறையும், ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசாது, ஷாக் அப்சார்பர் நன்றாக வேலை செய்யும், அவ்வளவுதான். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 22 டிகிரி சாய்வு போதும். 35 என்றால் 39 டிகிரி. பத்தே கிலோமீட்டர் கூடியதற்குத் தேவையான பிடிமானம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இடத்தில் மணல் கிடந்தால் எந்த டயராலும் அதைத் தர முடியாது.

பிடிமானம் கைக்காசு மாதிரி. திரும்புவதற்கும் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கை அமுக்கினால் பை காலி, முன் சக்கரம் வழுக்கிவிடும். பிரேக்கும் கியர் மாற்றமும் நிமிர்ந்திருக்கும்போதே முடியட்டும். பிறகு ஆக்ஸிலேட்டரைச் சீராக, லேசாகப் பிடித்தபடி வளைவைக் கடந்துவிடுங்கள்.

போடிக்கு அடுத்து அடிவாரத்தில் இருக்கும் முந்தல் தாண்டியதும் மலை. ஏற்றத்தில் பாரம் பின்னால் போவதால் முன் சக்கரம் லேசாகும். கேரியரில் பெரிய மூட்டை கட்டியிருந்தால் இன்னும் மோசம். பையைச் சீட்டோடு ஒட்டிக் கட்டி, நீங்கள் டேங்க் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். இடப்பக்க ஊசி வளைவுதான் ஆபத்து, ஏனென்றால் நமக்கு உள்வட்டம், செங்குத்து. முதல் கியரிலோ இரண்டாவதிலோ, நடுக்கோட்டை ஒட்டி, ஆனால் தாண்டாமல் நுழைந்து, தாமதமாக உள்ளே திருப்புங்கள். நடுவில் கிளட்ச் பிடித்தாலோ இன்ஜின் அணைந்தாலோ வண்டி உள்பக்கம் சரியும். நடை வேகத்தில் திரும்பும்போது மட்டும் முறை தலைகீழ், உடம்பு நிமிர்ந்திருக்க, வண்டியை மட்டும் அடியில் சாய்க்க வேண்டும். பின்னால் உட்காருபவர் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் போதும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீங்கள் வண்டியை இன்னும் சாய்க்க வேண்டி வரும்.

காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும். ஹாரனை நம்பாதீர்கள், இடம் விட்டு ஓட்டுங்கள். டீசல் சிந்திய இடம் கருப்பாக மினுங்கும். வெயில் காலம் முடிந்து விழும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து சாலை முழுக்கவே வழுக்கும்.

மேலே ஏலக்காய் டீ அருமை! பெட்ரோலைப் போடியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கேரளாவில் விலை கூடுதல்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மிச்சமாவது ஐம்பது ரூபாய் சொச்சம். இன்ஜின் இழுவை இல்லாததால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறி அமுக்க அமுக்கப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்குங்கள். கைகளில் பாரம் விழாமல் டேங்கை முழங்காலால் இறுக்கிக்கொள்ளுங்கள். முந்தலில் நிறுத்தினால் சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். கால் மணி நேரம் தானாக ஆறட்டும்.