சேலை தமாஷ்

அந்தத் தமாஷை இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். தெருக்கூத்தில் துச்சாதனன் இழுக்க இழுக்கத் திரௌபதியின் சேலை வந்துகொண்டே இருக்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நான், அதை முழம் போட்டு அளந்து, "நகரித் தறியெல்லாம் ஒரு மாசம் ஓடினாலும் இவ்வளவு வராதே சாமி, கூலி யார் குடுப்பாங்க?" என்பேன். ஆந்திராவில் நகரி, புத்தூர்ப் பக்கம் தறிக்காரர்கள் நிறைய. சிரிப்பு அடங்க நேரமாகும்.

அன்று விடிகாலை அரிதாரத்தை எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து நின்றார். "அந்த எடத்துல தமாஷ் வேணாம்ணா." அவ்வளவுதான். நான், "அது கூத்து மரபும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காததே சரி என்றும் சில நாள் தோன்றுகிறது. கேட்டால் அவர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நான் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் முந்தானையைத் தொடுவார். இழுக்கிற கைக்கு ஒரு கற்பூரம் உண்டு. பக்கத்தில் நின்று முழம் போடுகிற கைக்கு இல்லை. அன்றுவரை இதை யோசித்ததில்லை.

அடுத்த ஊரில் தமாஷை விட்டுவிட்டேன். முகவீணைக் குழல் மட்டும் கேட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கு அருள் வந்து, கூத்து அரை மணி நேரம் நின்றது. ஜமாவை நடத்தும் வாத்தியார் திட்டினார்: "ஜனம் தாங்கணும்னுதான்டா உன்னை அங்க நிறுத்தியிருக்கு." சரி, நியாயம்தான். ஆனால் எந்த ஜனம்? சிரித்தவர்களில் முக்கால்வாசி ஆம்பளைகள்.

பலாத்கார வழக்கில் பெண்ணின் பெயரை அச்சிடக் கூடாது என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. நாங்களோ மைக் கட்டி விடிய விடியத் திரௌபதியின் பெயரைச் சொல்கிறோம். அவள் தெய்வம், அது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையை மணிப்பூரில் நாடக இயக்குநர் கன்னையாலால் 2000-த்தில் மேடையேற்றினார். அதில் கிருஷ்ணன் வருவதில்லை. சிதைக்கப்பட்டவள் உடுத்த மறுத்து, அதிகாரியின் முன்னால் வந்து நிற்கிறாள். அந்த மேடையில் எனக்கு எங்கே இடம் என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

இப்போது தமாஷைப் பாதி சொல்கிறேன். முழம் போடுவதில்லை, கூலியை மட்டும் கேட்கிறேன். சிரிப்பும் பாதிதான். இந்தச் சித்திரைக்கு அந்த அம்மாவின் ஊர்க்காரர்கள் கூத்துக்கு அழைத்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.