எதிர் வீட்டுக் கதவு

"அவங்க யாரோடும் சேர்றதே இல்லை." வேறு நாட்டிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ குடிவந்தவர்களைப் பற்றி இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன், எதிர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்து எட்டு மாதம் ஆன பிறகு. அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது அந்தக் கதவைத் தட்டினேனா என்றால், இல்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர்களைச் சேர்க்கக்கூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பது எங்களுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும், அவர்களுக்குக் குழாயைத் திறந்தால்தான் தெரியும். இந்த லட்சணத்தில் சேர்வதில்லை என்று புகார் வேறு.

வந்தவர்கள்தானே ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பார்கள். நியாயம்தான், மொழியைக் கற்க வேண்டும், சட்டத்தை மதிக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு மாலை ஆறு மணிக்கு மொழி வகுப்பு வைத்துவிட்டு, அவருக்கு ஆர்வமே இல்லை என்று முடிவுகட்டினால் எப்படி? கற்ற மொழியைப் பேசிப் பழக எதிரே ஒரு ஆளும் வேண்டுமே.

மேற்கு ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை வேலைக்கு வரவழைத்தது. விருந்தாளித் தொழிலாளர் என்று பெயர். கொஞ்ச காலம் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்ற நினைப்பில், அவர்கள் அங்கேயே வாழப்போகிறவர்கள் என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. 1973-ல் ஆள் எடுப்பது நின்றது, ஆனால் பலர் தங்கிவிட்டார்கள், குடும்பமும் வந்து சேர்ந்தது. நாடு முழுவதற்கும் சட்டப்படியான மொழி வகுப்புகள் 2005-ல்தான் தொடங்கின. முதல் ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் 50 வருடம், இரண்டு தலைமுறை.

கனடாவில் வேறு வழி ஒன்று உண்டு. சாதாரணக் குடிமக்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாம், பெரும்பாலும் ஒரு வருடம். பணம் மட்டுமில்லை, வீடு பார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள் வேலை. 1970களின் இறுதியில் வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து வந்தவர்கள் பலர் இப்படித்தான் காலூன்றினார்கள். இதிலும் ஒரு சிக்கல் வரலாம், உதவி செய்தவர் கடைசிவரை உதவியவராகவே நடந்துகொள்வது. நன்றியை எதிர்பார்த்து நிற்கிறவரோடு எந்தக் காலத்தில் நண்பராவது?

சரி, பழகினால் எல்லாம் சரியாகிவிடுமா? இராக்கில் சல்மா மூசா நடத்தி 2020-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, முக்கியமாக அது பாதிதான் வென்றது என்பதால். ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு விரட்டியதால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களையும் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தக் கலப்பு அணிக்காரர்கள் பலர் முஸ்லிம்களோடு பயிற்சிக்குப் போனார்கள், அடுத்த முறையும் கலந்தே ஆடப் பெயர் கொடுத்தார்கள். மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம், பெரிய மாற்றமில்லை. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ஒரு சீசன் ஆட்டம் அவ்வளவு தூரம்தான் கொண்டுபோகும், மிச்சத்தை வேலையிடமும் பள்ளியும் மாடிப்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒருவழியாக எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, குழுவில் சேர்க்க எண் கேட்டேன். அந்த அம்மா எண்ணைச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார், குப்பை எடுக்க எந்தெந்தக் கிழமை வருகிறார்கள் என்று. தப்பான நாளில் பையை வெளியே வைக்கிறார்கள் என்று குழுவில் மூன்று முறை சண்டை நடந்திருக்கிறது. அதில் இரண்டை ஆரம்பித்தது நான்.