ஒரகடத்திலிருந்து வந்தவர்

"ஆன்லைன் ஃபார்ம்ல வயசு 18 முதல் 60 வரை மட்டும் ஏத்துக்கிற ஒரு கட்டம். எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

இன்று சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர் யோசிக்கவே இல்லை. "17, 18, 60, 61 போட்டுப் பார்ப்பேன் சார். 35 போட்டா என்ன தெரியப் போகுது? தப்பு ஓரத்துலதான் இருக்கும்."

ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்களுக்குக் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர். அங்கே கையில் கோ, நோ-கோ கேஜ். துளைக்குள் அதன் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. அப்போதுதான் பாகம் தேறும். ஷிப்டு முழுக்க இதே வேலை.

எல்லையில் இருக்கும் மதிப்புகளைப் போட்டுச் சோதிப்பதை, பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ் என்று நாங்கள் வகுப்பெடுப்பது அவர் கைக்கு எப்போதோ பழகிவிட்டது.

ஆனால் ரெஸ்யூமில் அந்த வேலைக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. மேலே முழுக்க கோர்ஸ் சான்றிதழ்கள். துறை மாறி வரும் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்கவில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். எங்கே உடையும் என்று தேடும் கண் அவ்வளவு சீக்கிரம் வராது. தயவுசெய்து அந்தப் பழைய வேலையை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்த சுற்றுக்கு அனுப்பியிருக்கிறேன். தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் மொழியில், அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தடுமாறுகிறது. சரி, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லித்தருவேன்.